பொருள் சொல்லும் கடன்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். குப்பம் என்றால் சிற்றூர் என்பது அகராதிப் பொருள். 2011-ஆம் ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது அந்த ஊரை ஆண்டதும் ஊராட்சி மன்றந்தான், நகராட்சி அல்ல. ஆனால் அந்தக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சென்னீர்குப்பம் என்ற பெயரை அடுத்து வளைவுக்குறிக்குள் 'சி.டி.' என்று இரண்டு எழுத்துக்கள் நிற்கின்றன. 'சென்சஸ் டவுன்' என்பதன் சுருக்கம் அது. கணக்கெடுப்பு நகரம் என்று தமிழில் சொல்லலாம். ஆகவே, பெயரில் சிற்றூர், ஆட்சியில் கிராமம், கணக்கில் நகரம் என்று ஒரே மண்ணுக்கு மூன்று நிலைகள்.

அந்த ஊரில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒருவர் இந்த இரண்டு எழுத்துக்களைப் பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பார்? 'அப்படியானால் இனி நகராட்சி வரி கட்ட வேண்டுமோ?' என்று கவலைப்படலாம். அவருடைய அடுத்த வீட்டுக்காரர், 'நகரம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பாதாளச் சாக்கடை வந்துவிடும்' என்று மகிழ்ச்சி அடையலாம். கவலைப்பட்டவரின் கவலையும் வீண். மகிழ்ந்தவரின் மகிழ்ச்சியும் வீண். இரண்டு பேரையும் ஏமாற்ற வேண்டும் என்று யாரும் எண்ணியதில்லை. ஒரு சொல்லை எழுதினார்கள். அதன் பொருளை எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

இதை ஒரு சிறிய குறையாக நினைத்து நாம் தாண்டிப் போய்விடலாம். ஆனால் சற்று நின்று யோசித்தால், இதற்குள் ஓர் அறக்கேள்வி இருப்பது தெரியும். பிறருடைய வாழ்வைப் பற்றிய ஏட்டில், அவருக்குத் தெரியாத ஒரு சொல்லை எழுதுகிறவன், அதன் பொருளை அவருக்கு எவ்வளவு தூரம் சொல்லக் கடமைப்பட்டவன்? பிழையில்லாமல் சொல்லிவிட்டால் அவன் கடன் தீர்ந்ததா? அல்லது, கேட்பவருக்கு விளங்கும்வரை அது தீராத கடனா?

கணக்கெடுப்புத் துறையின்மேல் வீண்பழி சுமத்தக் கூடாது. அது இந்தச் சொல்லுக்கு வரையறை சொல்லத்தான் செய்திருக்கிறது. பட்டியல் ஓரிடத்திலும் வரையறை வேறோரிடத்திலுமாக இருக்கின்றன. தேடி எடுப்பவருக்குக் கிடைக்கும். மூன்று நிபந்தனைகள்: மக்கள்தொகை 5,000-க்குக் குறையக் கூடாது, முதன்மை உழைப்பாளராகக் கணக்கிடப்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது உழவல்லாத தொழிலில் இருக்க வேண்டும், ஒரு சதுரக் கிலோமீட்டரில் 400 பேராவது வசிக்க வேண்டும். நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாத ஓர் ஊர் இந்த மூன்றையும் நிறைவேற்றினால் அது கணக்கெடுப்பு நகரம்.

சுருக்கமான, கச்சிதமான வரையறை. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் நிற்கும். ஆனால் திண்ணையில் நிற்குமா? சென்னீர்குப்பத்துக்காரர் அதைப் படித்தபிறகும் அவருடைய கேள்வி அப்படியே இருக்கிறதே! 'வரி உண்டா, இல்லையா? விளக்கு வருமா, வராதா? என் ஊர் எப்போது நகரம் ஆயிற்று? யார் ஆக்கினார்கள்?' அவர் கேட்டது இவைதாம். வரையறை இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

அவருக்காக நான் எழுதுவதாக இருந்தால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

'ஐயா, கணக்கெடுப்பு நகரங்களை இரண்டு வகையாகப் பார்க்கிறது. ஒன்று, சட்டம் ஆக்கிய நகரம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ராணுவக் குடியிருப்பு வாரியம் என்று ஏதாவது ஒன்றை அரசு அமைத்துவிட்டால் அந்த இடம் நகரம் என்றே எண்ணப்படும். மற்றொன்று, வாழ்க்கை ஆக்கிய நகரம். அதை யாரும் விழா எடுத்துத் தொடங்கி வைப்பதில்லை. வெளியூரிலிருந்து மக்கள் வந்து குடியேறுகிறார்கள். வயலுக்குப் போனவர்கள் ஆலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். வீட்டுக்கு வீடு இடைவெளி குறைகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ண வருகிறவர்கள், இங்கே பெயர்தான் கிராமம், பிழைப்பு நகரத்துப் பிழைப்பு என்று கண்டு குறித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊர் இந்த இரண்டாவது வகை.

'இந்தப் பெயர் வந்ததால் மட்டும் உங்கள் ஊராட்சி கலைந்துவிடாது. வரி விதிப்பவரும் விளக்குப் போடுபவரும் மாறமாட்டார்கள். பேரூராட்சி என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேரூராட்சிக்கு மன்றமும் தலைவரும் உண்டு, கணக்கெடுப்பு நகரத்துக்கென்று தனி மன்றமும் இல்லை, தலைவரும் இல்லை. நாட்டில் நகரவாசிகள் எத்தனை பேர் என்று கூட்டும்போது மட்டும் நீங்கள் அந்தக் கூட்டுத்தொகையில் சேர்வீர்கள். நீங்கள் தனியாகவும் இல்லை. 2001-ல் இந்தியாவில் இப்படிப்பட்ட ஊர்கள் 1,362 இருந்தன. 2011-ல் 3,894 ஆகிவிட்டன.'

நான்கு வரியில் முடிந்திருக்க வேண்டியதை வளர்த்திவிட்டேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இந்த வளர்த்தலில் ஒரு முறை இருக்கிறது. இந்தப் பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது, அந்த இனத்தில் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபட்டது, எப்படி உண்டாயிற்று, எதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, இதனால் ஆவதும் ஆகாததும் என்ன என்றெல்லாம் சொல்லியாயிற்று. வரையறை, நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் பத்திரத்தைப் போன்றது. விளக்கம், வாங்க வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் நிலத்தைச் சுற்றிக் காட்டுவதைப் போன்றது. பத்திரம் இல்லாமல் நிலத்தை வாங்க முடியாது. நிலத்தைப் பார்க்காமல் வாங்குகிறவரையும் நாம் புத்திசாலி என்று சொல்வதில்லை.

இது ஏதோ மேலைநாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த கலை என்று எண்ணிவிட வேண்டாம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் உரிச்சொற்களைப் பற்றிச் சொல்ல வரும்போது, எல்லாருக்கும் தெரிந்த சொற்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவற்றுக்கே சொல்ல வேண்டும் என்று முதலிலேயே வரம்பு கட்டிக்கொள்கிறார். அந்த இயலின் முடிவுப் பகுதியில் இன்னும் ஆழமாகப் போகிறார். ஒரு சொல்லுக்குப் பொருளாகச் சொன்ன சொல்லுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு முடிவே இல்லை என்கிறார். உணர்த்துகிறவன் வல்லவனாக இருந்தால் பொருள் பிறழாது என்கிறார். அதற்குப் பிறகு, உணர்ச்சியின் வாயில் உணர்கிறவரின் ஆற்றலையே பற்றி நிற்கிறது என்றும் சொல்லி வைக்கிறார். சொல்லுகிறவனுக்கு ஒரு பொறுப்பு, கேட்கிறவனுக்கு ஓர் அளவு. இரண்டையும் அவர் மறக்கவில்லை.

நன்னூலார் காலத்துக்கு வந்தால், உரை எழுதுவதற்கே ஓர் இலக்கணம் கிடைக்கிறது. உரைக்குப் பதினான்கு உறுப்புக்களை அவர் சொல்கிறார். சொற்பொருள் அவற்றுள் ஒன்றுதான். உதாரணம் உண்டு, வினா உண்டு, விடை உண்டு, பயன் உண்டு. சுருங்கிய உரைக்குக் காண்டிகை என்றும் விரிந்த உரைக்கு விருத்தி என்றும் தனித்தனிப் பெயரே வைத்திருந்தார்கள். படிப்பவன் என்ன கேட்பான் என்று எண்ணி, அந்தக் கேள்வியைத் தானே எழுப்பி, அதற்குத் தானே விடையும் எழுதிய நம் உரையாசிரியர்களின் பழக்கத்தை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. எதிரில் இல்லாத மாணவனுக்காக அவனுடைய நாவையும் தாமே வாங்கிக்கொண்டு பேசியவர்கள் அவர்கள்.

ஆனால் தொல்காப்பியர் கட்டிய அந்த முதல் வரம்பை இக்காலத்து ஏடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. தெரியாத சொல்லைவிட, தெரிந்த சொல்லே இன்று நம்மை அதிகமாக ஏமாற்றுகிறது. 'சி.டி.' என்ற எழுத்தைப் பார்த்தால் நமக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும், யாரையாவது கேட்போம். 'நகரம்', 'குடும்பம்', 'வேலை' என்ற சொற்களைப் பார்த்தால் கேட்கத் தோன்றுமா? தெரிந்த முகந்தானே என்று கதவைத் திறந்துவிடுகிறோம். உள்ளே வந்தவர் வேறு ஆள்.

'குடும்பம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கணக்கெடுப்பில் குடும்பம் என்பது இரத்த உறவல்ல. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலில் உண்பவர்களே ஒரு குடும்பம். வேலையின் நிர்ப்பந்தத்தால் வெளியே உண்பவரையும் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கெடுக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"பாட்டி, இந்த வீட்டில் எத்தனை குடும்பம்?"

"ஒரே குடும்பந்தாம்மா. நானும் என் பையனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும்."

"எல்லாருக்கும் ஒரே அடுப்பில்தானே சமையல்?"

பாட்டி சற்று மௌனமாக இருக்கிறாள். "அவள் மாடியிலே தனியாப் பொங்கிக்கிறாம்மா. ஆறு மாசமாச்சு" என்கிறாள்.

ஆசிரியையின் ஏட்டில் இரண்டு குடும்பங்கள் பதிவாகின்றன. நம் நாவலாசிரியர்கள் முந்நூறு பக்கங்களில் எழுதும் கதையை அந்த ஒரு கேள்வி வெளியே கொண்டுவந்துவிட்டது. அது வேறு விஷயம். நான் கவனிக்கச் சொல்வது, அந்த ஆசிரியை செய்த காரியத்தை. 'குடும்பம்' என்று கேட்டு, பாட்டி சொன்ன பதிலை எழுதிக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகாமல், அந்தச் சொல்லை அடுப்பாக மாற்றிக் கேட்டார். பாட்டிக்குத் தெரிந்த ஒரு பொருளைக் காட்டி, தெரியாத பொருளை விளக்கினார். பொருளை நேரே காட்டி உணர்த்துவதும் ஒரு வழி என்று நம் பழைய உரைகாரர்கள் சொன்னது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு பொதுவான மயக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய பொருளுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நாம் நினைக்கிறோம். கலைச்சொல் ஆக்குவது பெரும்பணி என்பதை நான் மறுக்கவில்லை. 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். வேதியியலுக்கு அவர் காலத்தில் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. அந்தப் பெயரோடு 1875-ல் நூலே வெளிவந்தது. இன்று அந்தச் சொல்லை யாரும் வழங்குவதில்லை. அதனால் அவருடைய உழைப்பு வீணாகிவிட்டதா? இல்லை. அவர் சொற்பட்டியலோடு நின்றுவிடாமல் பாடநூல்களை எழுதினார், எழுதுவித்தார், மாணவரை உருவாக்கினார். சொல் மாறிப் போனாலும் சொல்லிக்கொடுத்தது போகவில்லை.

சேலத்தில் 1916-ல் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் சாஸ்திரச் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டு பத்திரிகையும் நடத்தினார்கள். அதே ராஜாஜி பிற்பாடு ரசாயன சாஸ்திரத்தைப் பாமரருக்குச் சொல்ல வந்தபோது தம் நூலுக்கு வைத்த பெயர் 'திண்ணை ரசாயனம்'. சொல்லைச் சங்கத்தில் கூடி ஆக்கலாம். பொருளைத் திண்ணையில் வந்து உட்கார்ந்துதான் சொல்லியாக வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

'கணக்கெடுப்பு நகரம்' என்று நான் மேலே எழுதினேனே, அது தமிழ்தான். ஆனால் 'சி.டி.' என்பது எவ்வளவு விளங்கியதோ, விளக்கமில்லாத 'கணக்கெடுப்பு நகரமு'ம் அவ்வளவே விளங்கும். இன்னும் சொன்னால், தாய்மொழியில் இருப்பதால் விளங்கிவிட்டதாக ஒரு பொய்த் தெம்பு வேறு உண்டாகிவிடும்.

விளங்காவிட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். சில சமயம் முழுகித்தான் போகும். 2005-ல் நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை இயற்றியபோது, 'ஊரகப் பகுதி' என்ற சொல்லுக்கு அதிலேயே பொருள் வகுத்தது. நகர்ப்புற உள்ளாட்சியும் ராணுவக் குடியிருப்பு வாரியமும் இல்லாத பகுதியெல்லாம் ஊரகம் என்பது அந்தப் பொருள். அப்படியானால், கணக்கெடுப்பு ஏட்டில் நகரமாகிவிட்ட ஓர் ஊராட்சி, அந்தச் சட்டத்தின் ஏட்டில் ஊரகமாகவே இருந்தது. இதை அறியாத ஏழைத் தாய் ஒருத்தியிடம், 'உங்கள் ஊர்தான் நகரமாகிவிட்டதே, இனி வேலை இல்லை' என்று யாராவது சொன்னால், அவள் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவாள். அவளுக்கு உரியது அவளுக்குக் கிடைக்காமல் போவதற்கு ஒரு கெட்டவன்கூட வேண்டியதில்லை. இரண்டு ஏடுகளில் ஒரே சொல் இரண்டு பொருளில் இருந்து, அதை விளக்க ஒருவர் இல்லாமல் இருந்தால் போதும்.

சொல்லுக்குள் பணம் இருக்கிறது என்பதை அரசுகள் நன்றாக அறிந்திருக்கின்றன. 2004-ல் தமிழ்நாட்டில் பெரும்பாலான பேரூராட்சிகள் ஒரே ஆணையால் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று பெயர் மாற்றப்பட்டன. கிராம வளர்ச்சிக்கான மத்திய அரசின் நிதி கிடைக்க வேண்டும் என்பது அதற்குக் காரணம். 2006-ல் மறுபடி பேரூராட்சிகளாயின. அந்த ஊர்களில் தெருவும் மாறவில்லை, குளமும் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் மாறியது ஒரு சொல்.

இதுவரை சொன்னதை வைத்து, விளக்கம் என்பது அறியாதவருக்கு அறிந்தவர் காட்டும் தயவு என்று முடித்துவிடலாம். அப்படி முடித்தால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். மற்றப் பாதி எழுதுகிறவனைப் பற்றியது.

கணக்கெடுப்பு நகரத்தின் இரண்டாவது நிபந்தனையை மீண்டும் பாருங்கள். 'உழைப்பாளரான ஆண்களில் நூற்றுக்கு 75 பேர்.' நான் எழுதிக் காட்டிய விளக்கத்தில் இந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போய்விட்டிருக்கிறேன். உண்மையாக விளக்குவதென்றால் தாண்ட முடியாது. 'ஏன் ஐயா, என் வீட்டுக்காரி ஆலைக்குப் போகிறாளே, மகள் அலுவலகத்துக்குப் போகிறாளே, அவர்கள் உழைப்பினால் ஊர் நகரமாகாதா?' என்று சென்னீர்குப்பத்துக்காரர் கேட்பார். நிபந்தனையை மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. விளக்கப் புகுந்ததும் எழுந்துவிடுகிறது. பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், பதில் இல்லை என்பது வெளியாகும்.

சுருக்கமான வரையறைக்குள் எழுதியவனின் தேர்வுகள் ஒளிந்திருக்கின்றன. எழுபத்தைந்து ஏன், எழுபது ஏன் இல்லை? ஆண்கள் ஏன், பெண்கள் ஏன் இல்லை? விரித்துச் சொல்லச் சொல்ல அந்தத் தேர்வுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வருகின்றன. ஆகவே, விளக்கம் எழுதுவது என்பது தன்னைத்தானே சாட்சிக் கூண்டில் ஏற்றிக்கொள்வது. படிக்கிறவனுக்கு நேரமில்லை, தாளுக்கு இடமில்லை என்று நாம் சொல்லும் சாக்குகளுக்கு அடியில், பல சமயம் இந்தக் கூண்டைப் பற்றிய அச்சமே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்ல முடியும். கணக்கெடுப்பில் 'உழைக்காதவர்' என்று ஒரு பிரிவு உண்டு. பொருளாதாரப் பயனுள்ள வேலை செய்யாதவர் என்பது அதன் வரையறை. வெறும் வரையறையாகப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது எடுத்துக்காட்டுத் தர வேண்டியிருக்கிறதே! அந்தப் பிரிவுக்குள் யார் யார் வருவார்கள் என்று விரித்தபோது, சமைத்து, துலக்கி, பிள்ளை வளர்க்கும் இல்லத்தரசியும் அதில் இருந்தாள். பிச்சை எடுப்பவரும், பாலியல் தொழிலாளரும், சிறைக் கைதியும் அதிலேயே இருந்தார்கள். 2010-ஆம் ஆண்டு ஜூலையில், சாலை விபத்தில் இறந்துபோன ஓர் இல்லத்தரசிக்கு எவ்வளவு இழப்பீடு என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. அப்போது நீதிபதி கங்கூலி, 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளை இந்த வரிசையில் வைத்திருந்ததைத் தம் தனித்தீர்ப்பில் எடுத்துக் காட்டிக் கண்டித்தார்.

அவர் கண்ணில் பட்டது வரையறை அல்ல, அதன் விரிவு. 'உழைக்காதவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு அந்த ஏடு நின்றிருந்தால், நம் வீடுகளில் விடியுமுன் எழுந்து இரவில் கடைசியாகப் படுக்கிறவள் எந்த வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள் என்பது நாட்டுக்குத் தெரிந்தே இருக்காது. விளக்கம் தந்ததனால் அநியாயம் உண்டாகவில்லை. முன்பே இருந்த அநியாயம் விளக்கத்தினால் வெளியே தெரிந்தது. தெரிந்ததால்தான் அதை ஒருவர் எதிர்க்க முடிந்தது.

இனி, விளக்கத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. பொருளுக்குப் பொருள் தேடினால் முடிவில்லை என்று இலக்கணமே எச்சரித்திருக்கிறது. எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகும் ஏட்டை யாரும் படிக்கமாட்டார்கள். படிக்கப்படாத விளக்கமும் மௌனமும் ஒன்றுதான். நிபுணர் நிபுணருக்கு எழுதும் ஏட்டில் சுருக்கமே மரியாதை. ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு இரத்த அழுத்தம் என்றால் என்ன என்று இரண்டு பக்கம் எழுதினால் அது அவமதிப்பு. சட்டத்தின் வாசகமும் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். சொல் பெருகினால் வழக்கும் பெருகும். இவையெல்லாம் நியாயமே.

ஆனால் சட்டம் வேறு, சட்டத்தை மக்கள் கையில் கொடுக்கும் தாள் வேறு. மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் குறிப்பு வேறு, அறுவைச் சிகிச்சைக்குமுன் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் படிவம் வேறு. காப்பீட்டு நிறுவனம் தன் கணக்கருக்கு எழுதுவது வேறு, 'முன்பே இருந்த நோய்' என்று பாலிசியில் எழுதி நம்மிடம் பணம் வாங்குவது வேறு. எந்தத் தாளினால் ஒருவருடைய உரிமையோ உடம்போ உழைப்போ பாதிக்கப்படுமோ, அந்தத் தாளை அவருக்காகவே எழுத வேண்டும்.

அங்கே விளக்கம் நிற்க வேண்டிய இடத்துக்கு நான் ஓர் அளவுகோல் சொல்வேன். படித்து முடித்தவர், 'இந்தச் சொல்லுக்குள் நான் இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா?' என்று பிறர் துணையில்லாமல் தீர்மானிக்க முடிகிறதா? தம்மைத் தவறாகச் சேர்த்துவிட்டார்கள் அல்லது தவறாக விட்டுவிட்டார்கள் என்றால், 'இன்ன காரணத்தால் இது தவறு' என்று வாதாட முடிகிறதா? முடிகிறதென்றால் விளக்கம் போதும். அதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம். முடியவில்லையென்றால், வரையறை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கடன் பாக்கி நிற்கிறது.

கதை எழுதுகிறவர்களாகிய எங்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. வாசகருக்குத் தெரியாத ஒரு வட்டாரச் சொல்லை முதல் அத்தியாயத்தில் போட்டுவிட்டு, பத்தாவது அத்தியாயத்தில் அது தானாகவே விளங்கட்டும் என்று விட்டுவிடலாம். விளங்காமல் போனாலும் யாருடைய கூலியும் குறைந்துவிடாது. ஒரு வாக்கியத்தின் சுவை குறையும், அவ்வளவே. ஏடு எழுதுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருடைய வாசகர் பத்தாவது அத்தியாயம்வரை காத்திருக்க முடியாது. முதல் பக்கத்திலேயே அவர் கைநாட்டு வைத்தாக வேண்டும்.

துல்லியம் நாம் பொருளுக்குச் செலுத்த வேண்டிய கடன். விளக்கம் நாம் மனிதருக்குச் செலுத்த வேண்டிய கடன். ஒன்றைச் செலுத்திவிட்டு மற்றொன்றிலிருந்து விடுதலை கேட்க முடியாது. துல்லியமில்லாத விளக்கம் வெறும் பேச்சு. விளக்கமில்லாத துல்லியம், கேட்பவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு மேலேயிருந்து பேசும் பேச்சு.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025-ல் அறிவிக்கப்பட்டது. எண்ணுகிறவர்கள் கதவைத் தட்டும்போது, குடும்பம் என்பார்கள், வேலை என்பார்கள், எழுத்தறிவு என்பார்கள். எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள் போலத்தான் இருக்கும். 'இந்தச் சொல்லுக்கு உங்கள் ஏட்டில் என்ன பொருள் அம்மா?' என்று நாம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது வந்தவரின் வேலையைத் தடுப்பதாகாது. நம்மைப் பற்றி எழுதும் ஒருவரிடம் நமக்கு வரவேண்டிய கடனை நாம் கேட்டு வாங்குவதாகும். பதில் சொல்வதற்கு அவருக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். நம் வீட்டுப் பெண் எந்த வரிசையில் எழுதப்படுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் அதிகமல்ல.